பழைய முகவரியை விடாத சர்வர்

வணக்கம் நேயர்களே. "கேஷ் கிளியர் பண்ணியா?" இது நான் போனில் அடிக்கடி கேட்கும் கேள்வி. பக்கத்து அறையில் இருந்த என் அம்மா ரொம்ப நாளாக நான் யாருக்கோ பாக்கி வைத்திருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இது அந்தக் கேஷ் இல்லை. ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்டதை, மறுபடி கேட்காமலிருக்கக் கையோடு வைத்துக்கொள்வது. எல்லாக் கேஷையும் பற்றி இன்று பேசப்போவதில்லை. ஒன்றே ஒன்று: ஒரு சர்வர், அதாவது கேட்டதை எடுத்துக்கொடுக்கும் கணினி, இன்னொரு சர்வரின் முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கிறது?

உங்கள் செல்போனில் யார் நம்பரையும் நீங்கள் மனப்பாடம் செய்வதில்லை. பெயரைத் தொட்டால் போன் போகிறது. இணையத்திலும் அப்படித்தான். நாம் பெயரைச் சொல்கிறோம், அதைக் கணினியின் முகவரியான எண்ணாக மாற்றிக்கொடுக்க டிஎன்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆரம்பத்தில் இது இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே ஒரு கோப்பில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் இருந்தன. மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகியதும் அது சமாளிக்க முடியாமல் போனது. 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அவருடைய ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பதில் சொல்பவரே, "இதை இத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள், அதற்கப்புறம் மறுபடி வந்து கேள்" என்று கெடுவும் சேர்த்துச் சொல்லிவிடுவார். பால் பாக்கெட்டில் தேதி அச்சடிப்பது மாதிரி. இதற்கு டிடிஎல் என்று பெயர். 86400 என்றால் ஒரு நாள், 60 என்றால் ஒரு நிமிடம்.

சரி, கெடு போட்டாயிற்று. எல்லோரும் மதிக்கிறார்களா? இங்கேதான் என் கதை.

சில வருடங்களுக்கு முன், நான் வேலை பார்த்த இடத்தில் ஆர்டர் விவரங்கள் இருந்த டேட்டாபேஸைப் புதிய மெஷினுக்கு மாற்றினோம். சனிக்கிழமை இரவு. முறையாகத்தான் செய்தோம்: இரண்டு நாள் முன்பே கெடுவை 86400-இலிருந்து 60 ஆகக் குறைத்தோம். கடைசி நேரத்தில் குறைத்தால் பயன் இல்லை, பழைய கெடுவோடு பதில் வாங்கியவர்கள் அதையே வைத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எண்ணை மாற்றினோம். என் லேப்டாப்பில் கேட்டால் புது எண் வருகிறது. டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய மெஷினை அணைக்கவில்லை. அந்த "எதற்கும் இருக்கட்டும்" தான் எங்களைக் கவிழ்த்தது.

திங்கட்கிழமை காலை வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "ஸார், நான் போட்ட ஆர்டர் இருக்கு. மறுபடி பார்த்தா இல்ல. இன்னொரு தடவை பார்த்தா இருக்கு." எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அரை மணி நேரத்தில் நாலு பேர் அதையே சொன்னதும் சிரிப்பு நின்றது.

வாடிக்கையாளர் போடும் ஆர்டரை வாங்கி டேட்டாபேஸில் எழுத எங்களிடம் நாலு வெப் சர்வர்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு வேலைக்காக இரண்டை மட்டும் யாரோ ரீஸ்டார்ட் செய்திருந்தார்கள். அந்த இரண்டும் புது மெஷினுக்குப் போயின. மற்ற இரண்டும் பழையதிலேயே எழுதிக்கொண்டிருந்தன. பழைய மெஷினில் லாக் என்கிற பதிவேடு வளர்ந்துகொண்டே இருந்தது. காலி செய்த வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. பழைய தொடர்பு ஏதோ துண்டிக்காமல் இருக்கிறது என்று நினைத்து, நானே துண்டித்துப் பார்த்தேன். அடுத்த நொடி திரும்ப வந்து நிற்கிறது, அதே பழைய கதவில்! அப்படியானால் அந்தச் சர்வர் மறுபடி முகவரி கேட்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? லேப்டாப் கேட்கிறது, சர்வர் இருக்கும் அதே மெஷினில் நான் கையால் கேட்டாலும் புது எண் வருகிறது. உள்ளே எங்கள் நிரலை ஓட்டுகிற ஜாவா மட்டும் கேட்கவில்லை.

கெடுவைப் போடுபவர் ஒருவர், நினைவில் வைப்பவர் இன்னொருவர். ஜாவா தனக்கென்று ஒரு கேஷ் வைத்திருக்கிறது, அது டிடிஎல்லைப் பார்ப்பதே இல்லை. எங்களிடம் இருந்த பழைய ஜாவா 5-இல், ஒருமுறை கிடைத்த முகவரியை ரீஸ்டார்ட் செய்யும்வரை விடாது. ஜாவா 6-க்கு அப்புறம் வழக்கமாக 30 நொடி. ஆனால் செக்யூரிட்டி மேனேஜர் என்ற காவல் ஏற்பாட்டைப் போட்டிருந்தால் அப்போதும் விடாப்பிடியாகத்தான் இருந்தது; அந்த ஏற்பாடு 2025-இல் வந்த ஜாவா 24-இல் முடக்கப்பட்டுவிட்டது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? முட்டாள்தனம் இல்லை. 1996-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். அப்போது பிரவுசரில் ஓடிய ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரல், தான் வந்த இடத்தோடு மட்டுமே பேசலாம் என்பது விதி. வந்த இடத்தின் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் பொய் எண்ணைச் சொல்லி, அலுவலகத்துக்கு உள்ளே இருக்கும் கணினியைத் தொட முடிந்தது. அதனால் முதலில் தெரிந்த எண்ணையே பிடித்துக்கொள் என்று வைத்தார்கள். பிரவுசருக்குப் போட்ட பூட்டு, ஆப்லெட்டே இல்லாத எங்கள் சர்வரிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று 37 ஆர்டர்களைக் கையால் புதுப் பக்கம் ஏற்றினோம். மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. அப்புறம் நெட்வொர்க் அட்ரஸ் கேஷ் டிடிஎல் என்ற அமைப்பில் 60 என்று ஒரே ஒரு வரி எழுதினோம். எனக்கு இன்றும் ஆத்திரம், அந்த வரியின் மேல் இல்லை, "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்" என்கிற வாக்கியத்தின் மேல். சரியாகத்தான் ஆகும். ஏன் சரியாகிறது என்று யாருமே கேட்பதில்லை! அடுத்த மாற்றத்தில் அதே பள்ளத்தில் விழுவார்கள்.

ஜாவாவை மட்டும் சொல்லி நிறுத்தினால் நியாயமில்லை. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பின்னால் இருக்கும் சர்வரின் பெயரை வழக்கமான முறையில் எழுதினால், தொடங்கும்போது ஒருமுறை விசாரித்துக்கொண்டு அடுத்த ரீலோடு வரை அதோடு சரி. கிளவுடில், வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் லோட் பேலன்சர்கள் சிலவற்றின் எண் தானாக மாறும், அங்கே இது இன்னும் கடுப்பு.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். "அப்படி ஒரு பெயரே இல்லை" என்ற பதிலையும் சர்வர் நினைவில் வைக்கும், ஜாவாவில் வழக்கமாக 10 நொடி. அதைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். போகட்டும். புதுப் பெயரை டிஎன்எஸ்ஸில் ஏற்றிய பிறகு சோதித்துப் பாருங்கள், அதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். அந்த "இல்லை" வழியில் இருக்கிற மற்ற சர்வர்களிடமும் தங்கிவிடும். வணக்கம்.