முடி கொட்டுதுன்னு போட்ட மாத்திரை தைராய்டு ரிப்போர்ட்டையே ஏமாத்திடுச்சு!

(திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட். டிஎஸ்எச் கம்மி, டி4 அதிகம்.)

வணக்கம் மக்களே! இந்த ரிப்போர்ட்டைப் பாத்தா யாரா இருந்தாலும் "தைராய்டு ஓவரா வேலை செய்யுது"ன்னுதான் சொல்வாங்க. ஆனா ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரி எந்நேரமும் தூங்கி வழியிறா, மே மாசத்துல போர்வை தேடறா. இது எப்படி? ஹார்மோன் டாக்டர், அதான் எண்டோகிரைனாலஜிஸ்ட், கேக்குற ஒரே கேள்வியில குட்டு உடையும். இருங்க, வர்றேன்.

பாடம் சுருக்கமா: கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி இருக்கிற சுரப்பிதான் தைராய்டு. டி4ங்கிற ஹார்மோனைச் சுரந்து, உடம்பு எந்த வேகத்துல ஓடணும்னு சொல்றது அதோட வேலை. முடிஞ்சுது.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல பிட்யூட்டரின்னு ஒண்ணு இருக்கு. அதான் அம்மா. தைராய்டு, ஸ்கூலுக்கு எழுந்திரிக்காத பையன். பிட்யூட்டரி அனுப்புற டிஎஸ்எச்ங்கிற ஹார்மோன்தான் அம்மா போடற சத்தம். பையன் ஒழுங்கா எழுந்தா, "எழுந்திருப்பா கண்ணு", அதோட சரி. எழலைன்னா "டேய்!" அப்பவும் எழலைன்னா எதிர்வீட்டுக்காரர் எழுந்துடுவார். டிஎஸ்எச் 12ன்னு பாத்துட்டு "எனக்கு தைராய்டு ஜாஸ்தி"ங்கிறாங்க பாருங்க, ஜாஸ்தியானது அம்மா சத்தம்ங்க! பையன் போர்வைக்குள்ளதான் இருக்கான்.

அதே பையன் விடியக்காலை நாலு மணிக்கே எழுந்து மாடிப்படியில ஏறி எறங்கினா? அம்மா வாயே திறக்க மாட்டாங்க. டிஎஸ்எச் தரைதட்டும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், நல்லா சாப்பிட்டும் உடம்பு எளைக்கும்.

மூணாவதா ஒண்ணு இருக்கு. பையனும் தூங்குறான், அம்மா சத்தத்தையும் காணோம். அப்போ அம்மாவுக்கே உடம்பு சரியில்ல, அதாவது பிட்யூட்டரியில கோளாறு. டிஎஸ்எச் மட்டும் பாத்தா இது கண்ணுல படாமலே போயிடலாம். அதான் எண்டோ டாக்டர் டி4-ஐயும் சேத்துக் கேப்பார்.

டாக்டர் காகிதத்தை மட்டும் பாக்க மாட்டார். ஒரு டம்ளர் தண்ணி குடுத்து, கழுத்துல விரலை வெச்சு, "முழுங்குங்க"ம்பார். தைராய்டுல கட்டி இருந்தா முழுங்கும்போது சேர்ந்து மேல ஏறும். குதிகாலுக்கு மேல ரப்பர் சுத்தியலால ஒரு தட்டு. பாதம் வெடுக்குன்னு துள்ளும், ஆனா தைராய்டு மந்தமா இருந்தா சோம்பல் முறிக்கிற மாதிரி மெதுவாத் திரும்பி வரும். லேப் பேக்கேஜ் ஆஃபர்ல இதெல்லாம் வராதுங்க!

சரி, அந்தக் கேள்வி: "வேற என்ன மாத்திரை போடறீங்க?" பதில்: "முடிக்கு பயோட்டின் வைட்டமின் சார், 10 மில்லிகிராம்." ஒரு நாளைக்கு நமக்குத் தேவையே சுமார் 30 மைக்ரோகிராம்தான். முன்னூறு மடங்குக்கு மேல உள்ள போகுது! பல லேப் கிட்கள் ஹார்மோனைப் பிடிக்கிறதே பயோட்டின் ஒட்டுற பசையை நம்பித்தான். ரத்தத்துல பயோட்டின் நிரம்பி வழிஞ்சா பசையெல்லாம் அதுக்கே போயிடும்; டிஎஸ்எச் பொய்யாக் குறையும், டி4 பொய்யா ஏறும். அம்மா கத்திக்கிட்டுதான் இருந்தாங்க, மைக்குதான் கெட்டுப்போச்சு! டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு, குறைஞ்சது ரெண்டு நாள் நிறுத்திட்டு ரத்தம் குடுத்தா நிஜம் தெரியும். இதுல வேதனை என்னன்னா, முடி கொட்டினதுக்கே தைராய்டு குறைவு காரணமா இருக்கலாம்.

தைராய்டு குறைவுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தா பத்து நாள்ல ஓடிப்போய் டெஸ்ட் எடுக்காதீங்க. அந்த மருந்து ரத்தத்துல பாதியாகவே ஒரு வாரம் ஆகும். ஆறு வாரம் கழிச்சுப் பாத்தாதான் அளவு சரியாத் தெரியும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி. கர்ப்பம்னு தெரிஞ்சா உடனே டாக்டருக்குப் போன், டோஸ் ஏத்த வேண்டி வரும். பிசிஓஎஸ்ங்கிற சினைப்பை நீர்க்கட்டி, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு எல்லாத்துக்கும் இதே டாக்டர்தான், அது தனி வீடியோ.

அப்புறம் காபி. வெறும் வயித்துல மாத்திரை, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான் டபராவுல கை வைக்கணும். உங்க வீட்ல அந்த மாத்திரை பாட்டில் எங்க இருக்கு? காபிப்பொடி டப்பா பக்கத்துலதானே? கமெண்ட்ல மறைக்காம சொல்லுங்க!