சதுரங்கப் பலகையின் அரிசிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தின் கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சதுரங்கத்தில் செம்பகசேரி மன்னரை வென்ற முனிவர், முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக் கேட்க, களஞ்சியம் காலியாகியும் கடன் தீரவில்லை. வந்தவர் கண்ணனே என்றறிந்த மன்னர், அக்கடனைப் பாயசமாகச் செலுத்தலானார் என்பது ஐதீகம். கிலோவுக்கு 50,000 மணி என்று கொண்டால், உலகின் இன்றைய அரிசி விளைச்சலில் அது ஏறத்தாழ 700 ஆண்டுக் கணக்கு. கதை சொல்பவர்கள் இந்த வியப்போடு நிறுத்திவிடுவார்கள். எனக்கோ அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதில்தான் நெடுநாளாக ஆசை.

தாளும் பேனாவும் வைத்திருப்போர் 64 கட்டங்களின் மொத்த அரிசி எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம்: 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கங்கள். கடைசி இலக்கம் 5 என்பதால் இது ஐந்தால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடுவதால் இந்த எண்ணும் மூன்றால் வகுபடும். அடுப்படியில் நின்றபடி கேட்போர் கூட்டலைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். நான் மூன்று முறை கூட்டிவிட்டேன்.

எந்தக் கட்டத்தை எடுத்தாலும், அதிலுள்ள அரிசி, முந்தைய கட்டங்கள் அனைத்தின் கூட்டுத்தொகையைவிட ஒன்று கூடுதல். 1, 2, 4 சேர்ந்தால் 7. அடுத்த கட்டத்தில் 8. ஆகவே நம் மொத்தம், பலகையில் இல்லாத 65ஆம் கட்டத்துக்கு உரியதைவிட ஒன்று குறைவு. அந்த 65ஆம் கட்டத்தின் எண் ஒரு வர்க்கம். நான்கின் வர்க்கமான 16இல் ஒன்றைக் குறைத்தால் 15. அது மூன்றையும் ஐந்தையும் பெருக்கியது, அதாவது நான்குக்கு ஒன்று குறைந்ததையும் ஒன்று கூடியதையும். அதே முறையில் 255 என்பது 15 பெருக்கல் 17. 65,535 என்பது 255 பெருக்கல் 257. இப்படியே ஏறினால், நம் எண் 3, 5, 17, 257, 65,537 ஆகியவற்றோடு 429,49,67,297 என்ற பெரிய எண்ணையும் பெருக்கியதாக நிற்கும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும், அதற்கு மேல் இதே முறையில் வருபவையும் பகா எண்களே என்று பிரான்சின் கணிதவியலாளர் ஃபெர்மா 1640இல் நம்பினார். அவரைப் போன்றவரே நம்பியதை நாமும் நம்பியிருப்போம். கணிதவியலாளர் ஆய்லர் 1732இல் அதை உடைத்தார்: 641 பெருக்கல் 67,00,417. இந்த ஆறாவது எண்ணை வகுக்கும் பகா எண் எதுவும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் பின்னர் நிறுவிய உண்மை. அதன்படி சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641. ஐந்தாம் முயற்சியில் மீதி பூச்சியம். ஃபெர்மா ஏமாந்த எண், அந்தப் பலகை அரிசிக்குள்தான் இருந்திருக்கிறது!

கடிகாரம் என்னை முடிக்கச் சொல்கிறது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்கு வடிவத்தை வரைய முடியும் என்று 18 வயதுக் கணிதவியலாளர் காஸ் 1796இல் கண்டறிந்ததை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அந்த 17, நம் பட்டியலில் மூன்றாவதாக வந்த அதே 17தான். நன்றி, வணக்கம்.