புதிய கருவியா, புதிய காதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

திரைப்படப் பின்னணி இசையில் புதுமையைக் கொண்டுவந்தது புதிய கருவிகளா, புதிய காதுகளா? எனக்கு முன்னால பேசினவர் தெரமின்ல ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் வரைக்கும் ஒரு கடையே விரிச்சுட்டுப் போயிருக்கார். நான் காதுக்காக, அதாவது பழைய ஓசையையும் புதுசாக் கேட்கிற திறமைக்காகப் பேச வந்திருக்கேன்.

தெரமினையே எடுத்துக்கலாம். தொடாமலே வாசிக்கிற கருவி. 1945-ல 'ஸ்பெல்பவுண்ட்' படத்துல அதை வெச்சு இசையமைச்ச மிக்லோஸ் ரோஸாவுக்கு ஆஸ்கர் கிடைச்சது. இல்லைன்னு சொல்லலை. அப்புறம் என்ன ஆச்சு? வேற்றுக்கிரகத்துக்காரன் வந்தா தெரமின், பறக்கும் தட்டு இறங்கினா தெரமின்! கருவிதான் புதுமைன்னா, அது ஏங்க அவ்வளவு சீக்கிரம் சலிச்சுப்போச்சு?

இப்ப ஒருத்தரைப் பாருங்க. பெர்னார்ட் ஹெர்மன், ஹாலிவுட் இசையமைப்பாளர். 1951-ல 'த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு ஒண்ணு இல்லை, ரெண்டு தெரமின் வெச்சவர். எதிரணிக்கு ரொம்பப் பிடிச்ச ஆளா இருக்கணும். அதே மனுஷன் ஒன்பது வருஷம் கழிச்சு, 1960-ல, 'சைக்கோ'வுக்கு என்ன பண்ணினார்? தெரமின் கிடையாது. டிரம்ஸ் கிடையாது. ஊதுற வாத்தியம் ஒண்ணுகூடக் கிடையாது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். நரம்புக் கருவிகள் மட்டும்! படம் கறுப்பு வெள்ளை; ஓசையும் கறுப்பு வெள்ளையா இருக்கட்டும்னு முடிவு பண்ணினார்.

அந்தக் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம்னுதான் ஹிட்ச்காக் நினைச்சிருந்தார். ஹெர்மன் கேட்கலை, எழுதிட்டார். போட்டுக் காட்டினதும் இயக்குநர் மனசு மாறிட்டார். நுட்பம் எங்க இருக்கு தெரியுமா? மத்த இடங்கள்ல நரம்புகளுக்கு மியூட் மாட்டி ஓசையை அமுக்கி வெச்சவர், அந்த ஒரு காட்சிக்குக் கழட்டச் சொன்னார். அவ்வளவுதான். நூத்துக்கணக்கான வருஷமா காதலுக்கும் கண்ணீருக்கும் வாசிச்ச வயலின் அன்னிக்குக் கத்தியா மாறிடுச்சு. வயலின் மாறலை நடுவர் அவர்களே, கேட்ட காது மாறுச்சு.

எதிரணி இப்ப 1956-க்கு ஓடும். 'ஃபர்பிடன் பிளானட்', முழுக்க முழுக்க மின்னணு இசை, பேரன் தம்பதி செஞ்சது. (பேரன்னா பேரன் பேத்தி இல்லைங்க, அது அவங்க குடும்பப் பேர்.) ஓடட்டும், நானும் கூடவே வர்றேன். லூயிஸ் பேரனும் பீபி பேரனும் கடையில போய்க் கருவி வாங்கலை. மின்சுற்றுகளை அவங்களே கட்டினாங்க, தாங்கமுடியாத அளவுக்கு மின்சாரம் ஏத்தினாங்க. அது அலறுச்சு, முனகுச்சு, கடைசியில எரிஞ்சே போச்சு. கையில மிஞ்சினது ஒலிநாடாவுல பிடிச்ச ஓசை மட்டும்தான். அதை உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வெட்டி ஒட்டினதுதான் அந்தப் படத்தோட இசை. அதை 'இசை'ன்னு டைட்டில்ல போடக்கூட முடியலை. இசைக்கலைஞர் சங்கத்தோட பிரச்சினை வரும்னு 'மின்னணு நாதங்கள்'ங்கிற மாதிரி ஒரு பேர் வெச்சாங்க. கருவி செத்துப்போச்சு, இசை உயிரோட இருக்கு. அப்ப அதைப் படைச்சது எது?

1968-ல 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்'. எதிர்கால உலகம், குரங்குகளோட ஆட்சி. அதுக்கு இசையமைச்ச ஜெர்ரி கோல்ட்ஸ்மித் கையில எடுத்தது சமையலறையில மாவு கலக்குற எவர்சில்வர் கிண்ணத்தை! கூடவே ஆட்டுக்கடாக் கொம்பு. மனுஷன் ஊதின ஆதிகாலத்து வாத்தியம்ங்க அது.

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. ஒரே ஒரு படம் சொல்லிடறேன்.

அதே 1968, 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்'. இசை என்னியோ மோரிக்கோனே. ரயில் நிலையத்துல மூணு பேர் துப்பாக்கியோட காத்திருக்காங்க. நிமிஷம் நிமிஷமாப் போகுது, இசை வரலை. துருப்பிடிச்ச காற்றாலை கிரீச்சிடுது. ஒருத்தன் தொப்பியில தண்ணி சொட்டுது. இன்னொருத்தன் முகத்துல ஈ மொய்க்குது. அதையெல்லாம் வாத்தியமா நம்மளைக் கேட்க வைக்கிறாங்க. ரயில் வருது, யாரும் இறங்கின மாதிரி தெரியலை, ரயில் கிளம்பிடுது. அப்புறம்தான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு ஓசை வருது.

வெறும் மவுத் ஆர்கன், நடுவர் அவர்களே.