முழங்கை முறிவுக்குப் பின் எண்ணெய் தேய்க்கலாமா? டர்பனில் ஆச்சியும் தாத்தாவும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். குழந்தைக்கு முழங்கை எலும்பு முறிந்து, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை நீளாமல் மடங்கியே நிற்கும்போது வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். எங்கள் வீட்டில் இது நடந்தபோது திருநெல்வேலியிலிருந்து என் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். ஊரைவிட்டு வந்து பிள்ளை வளர்க்கும் பலருக்கும் இந்த நிலை வரக்கூடும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

என் மகனுக்கு ஆறு வயது. பூங்காவில் ஜங்கிள் ஜிம்மின் கம்பியைப் பிடித்துத் தொங்கியவன், பிடி நழுவிக் கையை ஊன்றி விழுந்தான். இந்த வயதில் அப்படி விழும் குழந்தைகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே, எலும்பு மெலிந்திருக்கும் இடத்தில் முறிவது மிகவும் வழக்கம். அப்பா பதறவில்லை. வளைந்திருந்த கையை நேராக்க முயலாமல், இருந்த நிலையிலேயே தம் துண்டால் மார்போடு சேர்த்துத் தாங்கிக் கட்டினார்கள். அம்மா பால் கொடுக்க எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் தண்ணீர்கூட வேண்டாம் என்று நான் தடுத்தேன்.

மருத்துவமனையில் எக்ஸ்ரேக்கு முன்பே, மணிக்கட்டில் நாடி கிடைக்கிறதா, விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போட முடிகிறதா என்று பார்த்தார்கள். கைக்குச் செல்லும் ரத்தக்குழாயும் நரம்புகளும் அந்த முறிவை ஒட்டியே செல்வதுதான் காரணம். எலும்பு விலகியிருந்ததால் மயக்க மருந்து கொடுத்துச் சரியாகப் பொருத்தி, தோல் வழியாக மெல்லிய கம்பிகளைச் செலுத்திக் கட்டுப் போட்டார்கள். வீட்டுக்கு வந்த முதல் இரவுகளில் அப்பா அவன் கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துவிட்டு அருகிலேயே அமர்ந்திருந்தார்கள். மருந்து கொடுத்த பிறகும் வலி கூடிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டிவிடும்போது பிள்ளை வீறிட்டாலோ, விரல்கள் மரத்தாலோ வெளிறினாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய முறிவுக்குப் பொதுவாக 3 அல்லது 4 வாரங்களில் கம்பியையும் கட்டையும் எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு உண்மையான சோதனை அதன் பிறகுதான் தொடங்கியது. மூட்டு இறுகிப்போயிருந்தது, சட்டைக் கையை நுழைக்கவே அவனால் முடியவில்லை. அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து, "நீவி நீவி இழுத்துவிட்டா ரெண்டு நாள்ல நேராயிரும்லா" என்றார்கள். புத்தூர் கட்டுப் போட்டுக் குணமானவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த நம்பிக்கை இருப்பது இயல்பே. ஆனால் முழங்கை மற்ற மூட்டுகளைப் போன்றதன்று. ஆறிவரும் முழங்கையை அழுத்தித் தேய்த்தாலோ வலுவாக இழுத்தாலோ, சுற்றியுள்ள தசையில் எலும்பு படிந்து மூட்டு நிரந்தரமாக இறுகிவிடக்கூடும். குழந்தை தானாகவே கையைப் பயன்படுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அசைவு திரும்பிவிடும். நான் சொன்னபோது அம்மாவின் முகம் வாடியது. மறுமுறை மருத்துவரிடம் போனபோது கூடவே அழைத்துச் சென்று மருத்துவரையே சொல்லவைத்தேன். அதன் பிறகு அந்த எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரவில்லை.

பேரனுக்காக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிக்கும் கைகளுக்கு வேலை கொடுக்காமல், "வேண்டாம்" என்று மட்டும் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பல்லாங்குழியைத் தரையில் விரித்து, பேரனை எதிரே உட்காரவைத்து, காயம்பட்ட கையால்தான் ஆட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பக்கத்துக்கு 7 குழிகள். சோழியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே எதிர்ப்பக்கத்துக் கடைசிக் குழிவரை எட்டுவதற்கு முழங்கை நீண்டுதான் ஆக வேண்டும். முதலில் தோளைச் சாய்த்து உடம்பையே வளைத்துப் போட்டான். நாளடைவில் கை மட்டும் நீளத் தொடங்கியது. அவன் கவனம் முழுவதும் சோழியில் இருக்கும்போது, அப்பா பலகையை விரல்கடை அளவு தள்ளி வைப்பார்கள். யாரும் இழுக்கவில்லை, யாரும் தேய்க்கவில்லை.

அம்மா உளுந்தங்களி கிண்டினார்கள். 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த பக்கத்து வீட்டு அம்மாள், தம் தோட்டத்து முருங்கைக்கீரையைப் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல உணவுதான், ஆனால் எந்த உணவும் முறிந்த எலும்பை ஒரே வாரத்தில் கூட்டிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவன் இரண்டு கைகளாலும் சட்டை மாட்டிக்கொள்கிறான். முழுமையாக நீள இன்னும் சிறிதளவே பாக்கி. உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால், கட்டைப் பிரிக்கும் நாளிலேயே ஆச்சியையும் தாத்தாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் எந்த விளையாட்டுக்கு அனுமதி உண்டு, ஓடுவதும் ஏறுவதும் எப்போது தொடங்கலாம், எத்தனை வாரத்தில் அசைவு கூடாவிட்டால் திரும்ப வர வேண்டும் என்பவற்றை அவர்கள் எதிரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.