பீட்டில்ஸ் எந்த ஐரிஷ் நடன இசைக் குழுவுக்கு முன்கச்சேரி வாசித்தார்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். லிவர்பூல் பற்றிய போன வீடியோவில், பீட்டில்ஸ் ஒரு அயர்லாந்து நடன இசைக் குழுவுக்கு முன்கச்சேரி வாசித்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் கேட்கிறார்: "இது நிஜமா? யார் அந்தக் குழு? அவ்வளவு பெரிய ஆட்கள் என்றால் நாங்கள் ஏன் பெயர்கூடக் கேள்விப்பட்டதில்லை?"

நிஜம்தான். 1962 ஏப்ரல் 2, லிவர்பூலில் பவிலியன் தியேட்டர். முக்கியக் கச்சேரி ராயல் ஷோபேண்ட். அயர்லாந்தின் தென்கிழக்கில் உள்ள வாட்டர்ஃபோர்டு ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முன்னால் வாசித்தது பீட்டில்ஸ். ஆனால் ஒன்று, அது நமக்குத் தெரிந்த பீட்டில்ஸ் இல்லை. ரிங்கோ இன்னும் சேரவில்லை, டிரம்ஸில் பீட் பெஸ்ட் இருந்தார். அவர்களுடைய முதல் சிங்கிள் இசைத்தட்டு அந்த வருஷம் அக்டோபரில்தான் வந்தது. அதனால் "பீட்டில்ஸையே ஓரங்கட்டியவர்கள்" என்று யாராவது சொன்னால் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். அன்றைய தேதிக்கு ராயல் பெரிய குழு, அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் தேதிதான் சுவாரசியம். 1962-ல் ஈஸ்டர் ஏப்ரல் 22-ல் வந்தது. அப்படியென்றால் ஏப்ரல் 2, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்துக்கு நடுவில். கத்தோலிக்க அயர்லாந்தில் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்துவிட்டால் நடன அரங்குகள் கதவைச் சாத்திவிடும். ஆறேழு வாரம் வருமானம் கிடையாது. குழுக்கள் என்ன செய்யும்? கப்பலேறி இங்கிலாந்துக்குப் போகும், வசதி இருந்தால் அமெரிக்காவுக்கும் போகும். 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டு வேலை தேடிப் போனார்கள். லண்டன், லிவர்பூல், நியூயார்க் எங்கும் ஐரிஷ்காரர்கள், அவர்களுக்கென்றே நடன அரங்குகள். லண்டன் கிரிக்கிள்வுட்டில் இருந்த கால்டிமோர் அதில் பேர்போனது. ஆக, ஊரில் ஆட்டம் நின்ற நாட்களில் ஊர்விட்டுப் போனவர்களுக்கு ஆடக் குழு கிடைத்தது.

இந்தக் குழுக்களைப் பாட்டைவிடத் திருச்சபையும் அதன் பஞ்சாங்கமும்தான் வடிவமைத்தன என்பது என் கருத்து. கொஞ்சம் பின்னால் போனால் அது புரியும்.

1925-ல் ஐரிஷ் ஆயர்கள் சேர்ந்து நடன அரங்குகளைக் கண்டித்து ஓர் அறிக்கை விட்டார்கள், கோயில்களில் அது வாசிக்கப்பட்டது. 1935-ல் பொது நடன அரங்குச் சட்டம் வந்தது. நீதிமன்றத்தில் உரிமம் வாங்காமல் பொது நடனம் நடத்தக் கூடாது. வீட்டு அடுப்படியிலும் ஊர்ச் சந்தியிலும் ஃபிடில் வாசித்து ஆடிக்கொண்டிருந்த ஜனங்கள், மெல்ல மெல்ல உரிமம் பெற்ற அரங்குக்கு வந்தார்கள். அதில் நிறைய பங்குத்தந்தையின் பொறுப்பில் இருந்த மண்டபங்கள். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த வந்த சட்டம், ஆட்டத்துக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வியாபாரத்தை வளர்த்துவிட்டது. இப்படி ஆகும் என்று ஆயர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த அரங்குகளில் முதலில் வாசித்தவை ஆர்கெஸ்ட்ராக்கள். குளோன்மெல் ஊர் மிக் டெலஹன்டி குழு அதில் பெரிய பெயர். கோட்டும் போ டையுமாக நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டாண்டில் நோட்ஸ் வைத்து, அமெரிக்க ஸ்விங் பாணியில் வாசிப்பார்கள். வாசிப்பு சுத்தமாக இருக்கும், பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இதை மாற்றியது ராயல் இல்லை, கிளிப்பர் கார்ல்டன். எல்லையை ஒட்டி, பிரிட்டனின் கீழ் உள்ள வட அயர்லாந்துப் பக்கம் இருக்கும் ஸ்ட்ரபேன் ஊர்க்காரர்கள், தலைவர் ஹ்யூ டூரிஷ். 1950-களின் முதல் பாதியில் இவர்கள் நாற்காலியைத் தூக்கிப்போட்டார்கள், நோட்ஸ் ஸ்டாண்டையும் கழற்றினார்கள். எழுந்து நின்று, அசைந்து ஆடி வாசித்தார்கள். நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பிரபலப் பாடகர்களைப் போல வேஷம் கட்டி நடித்துப் பாடும் ஒரு பகுதியும் வைத்தார்கள். கூட்டம் ஆடுவதை விட்டு மேடை முன்னால் வந்து நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. ஷோபேண்ட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதனால்தான். என்னைக் கேட்டால், கண்டுபிடித்தவர்கள் என்ற பெருமை முழுக்க இவர்களுக்கே சேர வேண்டும். ராயல் கண்டுபிடித்தது வேறு.

ராயல் 1957-ல் வாட்டர்ஃபோர்டில் தொடங்கி, இரண்டு வருஷத்தில் முழுநேரத் தொழிலுக்கு வந்த குழு. ஏழு பேர். டிராம்போன் வாசிக்க வந்த பிரெண்டன் போயர் முன்னணிப் பாடகர் ஆனார். உயரமான ஆள், மேடையில் நின்ற இடத்தில் நிற்க மாட்டார், எல்விஸ் பாட்டு என்றால் அவர்தான். நாட்டுப்புறப் பாட்டும் கன்ட்ரி பாட்டும் பேஸ் வாசித்த டாம் டன்ஃபிக்கு. இந்தப் பங்கீடு கெட்டிக்காரத்தனமானது. டவுன் பையனுக்கு ஒரு குரல், கிராமத்து அண்ணனுக்கு ஒரு குரல். மேலாளர் டி. ஜே. பர்ன், வியாபாரம் தெரிந்தவர். நிர்ணயித்த கூலி வாங்குவதை விட்டு, வாசல் வசூலில் சதவீதம் கேட்கும் நிலைக்குக் குழுவைக் கொண்டுபோனார். ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தால் அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அரங்குக்காரர்களும் சம்பாதித்தார்கள். ரயில்வே குமாஸ்தாவாக இருந்த ஆல்பர்ட் ரெனால்ட்ஸ், தன் அண்ணன் ஜிம்முடன் சேர்ந்து கிராமப்புறங்களில் வரிசையாகப் பால்ரூம் கட்டினார். ரூஸ்கியில் கிளவுட்லேண்ட், மோட்டில் ரோஸ்லேண்ட், மல்லிங்கரில் லேக்லேண்ட். வயல்வெளி நடுவில் கான்கிரீட் கொட்டகை, பெயர் மட்டும் சொர்க்கலோகம். அதே ஆல்பர்ட் 1992-ல் அயர்லாந்தின் பிரதமரானார்.

உள்ளே எப்படி இருக்கும்? ஒரு சுவர் ஓரமாகப் பெண்கள், எதிர்ச் சுவரில் ஆண்கள், நடுவில் காலித் தரை. ஆண் அந்தத் தரையைக் கடந்துபோய்க் கேட்க வேண்டும். மறுத்துவிட்டால் அத்தனை பேர் பார்க்கத் திரும்பி நடக்க வேண்டும். மது கிடையாது, சோடா, எலுமிச்சைப் பானம், தேநீர்தான். முதலில் ஓர் உள்ளூர்க் குழு வாசித்துத் தரையைச் சூடாக்கும், பெரிய குழு பிறகுதான் ஏறும். மூன்று வேகப் பாட்டு, அப்புறம் மூன்று மெதுப் பாட்டு என்று போகும். நடுராத்திரி தாண்டிக் கடைசியில் தேசிய கீதம். வடக்கே வாசிக்கப் போனால் அதுவும் சிக்கல், எந்த அரங்கில் எந்த நாட்டுக் கீதம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பாட்டெல்லாம் பெரும்பாலும் பிறர் பாட்டு. ரேடியோ லக்ஸம்பர்க்கில் புதிதாக எது வந்தாலும் அடுத்த வாரமே மேடையில் இருக்க வேண்டும். இன்று "வெறும் காப்பி" என்று சிரிக்கிறார்கள். ஆனால் அசல் பாடகர்கள் ரூஸ்கிக்கு வரப்போவதில்லையே? ஏழு பேரை வைத்துக்கொண்டு எல்விஸ், ஜாஸ், வால்ட்ஸ், ஐரிஷ் பாட்டு எல்லாவற்றையும் ஒரே இரவில், ஆடுகிறவர்களின் கால் தடுக்காமல் வாசிப்பது லேசான வேலை இல்லை. வான் மாரிசன், ரோரி கலாகர் இருவருமே இளவயதில் ஷோபேண்டில் வாசித்துத்தான் வளர்ந்தார்கள்.

இனி நண்பரின் கடைசிக் கேள்வி, ஏன் பெயர் தெரியவில்லை? இசைத்தட்டு அவர்களுக்கு விளம்பரம், பிழைப்பு அரங்கில். டாம் டன்ஃபி பாடிய ஒரு பாட்டு 1962-ல் தட்டாக வந்தது. 1963-ல் போயர் பாடிய எல்விஸ் பாட்டு ஐரிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1965-ல் ஹக்கிள்பக் ஏழு வாரம் முதலிடத்தில் நின்றது. ஆனால் அந்த ஹக்கிள்பக்கும் 1949-லேயே அமெரிக்காவில் வந்த பழைய மெட்டுதான். 28 லட்சம் பேர் உள்ள நாட்டில், வாரத்தில் ஐந்தாறு இரவு அரங்கு நிரம்பும்போது சொந்தப் பாட்டு எழுத யாருக்கு அவசரம்? பீட்டில்ஸுக்கு அந்தச் சொகுசு இல்லை. கடைசியில் காலத்தைத் தாண்டிக் கேட்கக் கிடைப்பது தட்டு மட்டும்தான். வியர்வையும் கூட்டமும் தட்டில் ஏறாது.

1960-களின் நடுவிலிருந்து ராயல் லாஸ் வேகாஸில் நீண்ட நாள் ஒப்பந்தங்களில் வாசித்தது. 1971-ல் போயரும் டன்ஃபியும் பிரிந்து பிக் எய்ட் என்று வேறு குழு தொடங்கினார்கள். அதற்குள் ஊரில் மது விற்கும் ஹோட்டல்கள் நடனம் நடத்த ஆரம்பித்துவிட்டன, டிஸ்கோவும் வந்தது. எலுமிச்சைப் பானம் விற்ற அரங்கு அவற்றோடு எப்படிப் போட்டி போடும்? பல அரங்குகள் சரக்குக் கிடங்காகிவிட்டன.

1975 ஜூலைக் கடைசி வாரம் மிகக் கொடுமையானது. டாம் டன்ஃபி கார் விபத்தில் இறந்தார். அதே வாரம், ஜூலை 31 அதிகாலை, மியாமி ஷோபேண்ட் என்ற இன்னொரு பெரிய குழு வடக்கே பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு மினிபஸ்ஸில் டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நியூரி அருகே ராணுவச் சோதனைச்சாவடி போல வேஷம் போட்ட, யுவிஎஃப் என்ற பிரிட்டன் ஆதரவுப் புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவினர் வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் வண்டியில் வைத்த குண்டு முன்கூட்டியே வெடித்து, வைத்தவர்களிலேயே இருவர் செத்தார்கள். மற்றவர்கள் வாத்தியக்காரர்களைச் சுட்டார்கள். ஃபிரான் ஓடூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் மூவரும் இறந்தார்கள். அதுவரை கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் இரண்டு தரப்பும் ஒரே குழுவில் இருந்து எல்லையின் இரண்டு பக்கமும் வாசித்து வந்தார்கள். அதன் பிறகு தெற்குக் குழுக்கள் வடக்கே போகப் பயந்தன.

போயர் பல வருஷம் லாஸ் வேகாஸில் பாடி, 2020-ல் அங்கேயே காலமானார். அவர் ஹக்கிள்பக் பாடி ஆடும் பழைய ஒளிப்பதிவு தேடினால் கிடைக்கும், பாருங்கள். ராயல் பற்றி பீட்டர் காலின்சன் 1963-ல் எடுத்த ஓர் ஆவணப்படமும் உண்டு. சரி, அடுத்த கேள்வி அக்கார்டியன் பற்றி வந்திருக்கிறது.