அங்கே முன்பு யார் இருந்தார்கள்?

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியத் தோழர்களே, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய ஆங்கிலத்தை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது என் தொழில். என்னிடம் வரும் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்தவர்கள். வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். இலங்கையின் உயர்தர வகுப்பில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் அது சேராது. சேராத பாடத்துக்காக எந்த வீட்டில் நள்ளிரவு வரை விளக்கு எரியும்? அதனால், "ஒரு பக்கம் எழுதுங்கள்" என்றதும் பேனாக்கள் நின்றுவிடுகின்றன.

அவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது என் பிழை. சொல்வதற்கு மலைபோல் இருக்கிறது. தாங்கள் கண்டதும் பட்டதும் ஆங்கிலத்துக்கு உரியவை என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு இல்லை. அந்த நம்பிக்கையை எங்கள் வகுப்பில் கொண்டுவந்தது ஒரு பூங்காவைப் பற்றிய பயணக் கட்டுரை.

1850ஆம் ஆண்டு பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்டெட் என்ற அமெரிக்க இளைஞர் தம்பியுடனும் நண்பருடனும் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். அப்போது அவர் ஒரு விவசாயி. லிவர்பூலில் இறங்கி, ஆற்றைக் கடந்து பேர்க்கன்ஹெட் என்ற ஊருக்குப் போனார். அங்கே ஒரு பேக்கரிக்காரர், எங்கள் புதிய பூங்காவைப் பார்க்காமல் போகக் கூடாது என்று வற்புறுத்தினார். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1847இல், பொதுப் பணத்தில் பொதுமக்களுக்கென்றே திறக்கப்பட்ட பூங்கா அது. உள்ளே போன ஒல்ம்ஸ்டெட் கண்டதையெல்லாம் நடந்த வரிசையிலேயே எழுதினார். ஒரு பக்கம் சிறுவர்களும் இன்னொரு பக்கம் கனவான்களும் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மர நிழலில் செம்மறிகள் படுத்திருக்கின்றன. திடீரென்று மழை கொட்டுகிறது. எல்லோரும் ஒரு மண்டபத்துக்குள் ஒதுங்குகிறார்கள். வேலைக்காரரை விட்டு வண்டியை அழைப்பிக்கும் சீமாட்டியும், ஏழைத் தொழிலாளியின் மனைவியும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள்.

இந்தப் பகுதியை நான் விரும்பி எடுத்ததற்குக் காரணம், நடக்கிறவனுடைய மொழி எளிய மொழி. உள்ளே போனான், வளைந்தான், நின்றான், கண்டான். ஒவ்வொரு பொருளும் முதலில் 'ஒரு'வாக வரும், அடுத்த வரியில் 'அந்த' ஆகிவிடும். ஒரு பாலம், பிறகு அந்தப் பாலம். ஆங்கிலத்தின் 'ஏ', 'த' இரண்டிலும் பத்து ஆண்டுகளாகத் தடுமாறிய பிள்ளைகள், பூங்காவுக்குள் பத்து நிமிடம் நடந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும். கரும்பலகையில் தமிழில் எழுதினேன்: 'குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்ற பெண்.' நான்கு மாணவிகளின் கையில் நான்கு அட்டைகள்: குழந்தை, இடுப்பு, மழை, பெண். தமிழ் வாக்கியம் போல வரிசையில் நில்லுங்கள் என்றேன். குழந்தையும் இடுப்பும் மழையும் முன்னே நிற்க, பெண் கடைசியில் நின்றாள். இனி ஆங்கிலம் என்றேன். கொஞ்ச நேரம் தள்ளுமுள்ளு. பிறகு பெண் அட்டையை வைத்திருந்தவள் தானாகவே முன்னுக்கு வந்து நின்றாள். மற்றவர்கள் அவள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். தமிழில் பெண் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கடைசியில் வருகிறாள். ஆங்கிலத்தில் முதலில் வந்துவிடுகிறாள், அவள் கதை பின்னால் வருகிறது. நமது பெயரெச்சத்தை நன்றாக உணர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தின் இந்த அமைப்பு ஒரு நாள் வேலைதான். தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்பிக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் உள்ள பழைய பூங்காவுக்குப் போனோம். ஒல்ம்ஸ்டெட் பேர்க்கன்ஹெட்டில் நடந்த அதே 1850இல் இங்கே அரசாங்க அதிபராக இருந்தவர் டைக் என்ற ஆங்கிலேயர். அவர் வளர்த்த தோட்டம்தான் பழைய பூங்கா. அங்கே மக்களின் தோட்டம், இங்கே துரையின் தோட்டம் என்று ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதினாள். ஓரிடத்தில் நின்று, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள், 'அழகான' என்ற சொல்லைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஒருத்தி ஒரு மரத்தைத் தன் ஊர்க் கோயில் வீதியில் நிற்கும் இலுப்பையோடு ஒப்பிட விரும்பினாள். இலுப்பைக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று எழுதியதை அழிக்கப் போனாள். இலுப்பை என்றே எழுது என்றேன். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் கைபடச் சுற்றிய சுருட்டின் பெயரும் ஆங்கில அகராதியில் இருக்கிறது. இலுப்பை போனால் என்ன குறைந்துவிடும்?

பிறகு ஒரு நாள் ஒல்ம்ஸ்டெட்டின் மீதிக் கதையைச் சொன்னேன். 1858இல் அவரும் கல்வெர்ட் வோக்ஸ் என்பவரும் சேர்ந்து வரைந்த திட்டம் போட்டியில் வென்றது. நியூயோர்க்கின் மத்திய பூங்கா அதிலிருந்து உருவானது. 843 ஏக்கர். நம் ஊர்க் காணி அளவில் ஏக்கருக்கு 16 பரப்பு என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு, 13,488 பரப்பு என்று வியந்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது: அங்கே முன்பு யார் இருந்தார்கள்?

அந்தப் பையன் அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. 1990இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம்; அவன் பிறந்ததே நலன்புரி முகாமில். பரப்புக் கணக்கு முடிந்ததும் அவனுக்குத் தோன்றிய கேள்வி அதுதான்.

இருந்தார்கள். செனெகா கிராமம் என்று ஒரு குடியிருப்பு 1825 முதல் அங்கே இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். சொந்தக் காணியும் வீடும் தேவாலயங்களும் பள்ளிக்கூடமும் வைத்திருந்தவர்கள். ஏறத்தாழ 225 பேர். பூங்காவுக்காக 1857இல் எல்லோரும் அகற்றப்பட்டார்கள். இதைச் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. நடந்ததற்கும் முன்னே நடந்ததைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஹாட்' (had) என்ற சொல் வரும். இலக்கணப் புத்தகத்தில் பிள்ளைகள் வெறுக்கும் பக்கம் அது. அன்று அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பையன் பூங்காவைப் பற்றி எழுதவில்லை. இராணுவம் வைத்திருந்த காணி விடுவிக்கப்பட்ட பிறகு அம்மம்மாவின் வளவைப் பார்க்கப் போனதை எழுதினான். ஒன்றரைப் பக்கம். வீட்டின் அடையாளம் இல்லை, பற்றை மூடியிருந்தது என்று வந்தது. முதல் வாக்கியம், "கிணற்றைக் கண்டுபிடித்தோம்." கிணறு அங்கேதான் முதன்முதலாக வருகிறது, நான் கற்பித்தபடி 'ஏ' போட்டிருக்க வேண்டும். அவன் 'த' போட்டிருந்தான். சிவப்புப் பேனாவோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திருத்தாமல் வகுப்பில் வாசித்துக் காட்டி, இது சரியா என்று கேட்டேன். இலுப்பை எழுதிய மாணவிதான் பதில் சொன்னாள்: "சரிதான், சேர். அந்த வீட்டில் முப்பது வருடமாக அந்தக் கிணற்றைப் பற்றித்தானே பேசியிருப்பார்கள்."