மார்கழி பனியும் மீன் தொட்டி ஹீட்டரும்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல உக்காந்துகினு மீன் தொட்டிக்கு ஹீட்டர் போடுறத பத்தி பேச வந்திருக்கேன்னா சிரிப்பீங்க, தெரியும். மே மாசத்துல மொட்டமாடி டேங்க் தண்ணியில கை கழுவ முடியாத ஊரு இது, இவரு தண்ணிய சுட வெக்க சொல்றாரேன்னு எங்க வீட்லயே மொதல்ல கேட்டாங்க. ஆனா கார்த்திகை தாண்டி மார்கழி வந்துட்டா கத வேற. பகல்ல சட்டை நனையற வெயிலு, விடியக்காத்தால 18 டிகிரி, சில நாள் அதுக்கும் கீழ. ஏலகிரி, ஜவ்வாது மலை பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம். நாம போர்வைய இழுத்து போத்திக்குவோம், மீனு என்னா பண்ணும்?

எல்லா மீனுக்கும் ஹீட்டர் வேணாம், அத மொதல்லயே சொல்லிடறேன். கோல்ட்ஃபிஷ் வச்சிருக்கறவங்க இந்த பேச்ச கேட்டுட்டு கடைக்கு ஓடாதீங்க, அது குளுரு தாங்கற மீனு. ஆனா டிஸ்கஸ் இருக்கே, அமேசான் ஆத்து மீனு, அதுக்கு 28லேர்ந்து 30 டிகிரி வரைக்கும் இருக்கணும், அதுவும் ராவும் பகலும் ஒரே சீரா இருக்கணும். தண்ணி திடீர்னு குளுந்துச்சின்னா ஒடம்பு பூரா உப்புக்கல்லு தூவுன மாரி வெள்ளப்புள்ளி வந்துடும், ஒண்ணுக்கு வந்தா தொட்டிக்கே வந்துடும்.

என்னோட தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஒசரம். கணக்குக்கு 680 லிட்டர், மணலு, மேல விடற எடம் எல்லாம் போக ஒரு 600 லிட்டர் தண்ணி நிக்கும். லிட்டருக்கு ஒரு வாட்டுன்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, நம்மூரு குளுருக்கு அது தாராளம். நானும் அத கேட்டுட்டு 600 வாட்டுல ஒரே ஹீட்டரா வாங்கி போட்டேன், நல்ல வெலதான் குடுத்தேன், டிஸ்கஸ் ஏழு குட்டிய சென்னை கொளத்தூர் மீன் மார்க்கெட்டு வரைக்கும் போயி பாத்து பாத்து பொறுக்கிகினு வந்து, ஆறு மாசமா பொத்தி பொத்தி வளத்துகினு இருந்தேன். ஒரு மார்கழி காலையில கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை போட்ட நேரத்துக்கு எழுந்து வந்து பாக்கறேன், தண்ணிக்கு மேல இருக்கற கண்ணாடி பூரா ஆவி புடிச்சி வெளுத்து போயிருக்கு, உள்ள ஹீட்டரோட செவப்பு லைட்டு மட்டும் எரிஞ்சிகினே இருக்கு. கைய வுட்டா கொழந்தைய குளிப்பாட்ற தண்ணி மாரி இருக்கு. தர்மாமீட்டர் 35 காட்டுது. நாலு மீனு மல்லாந்து கெடந்துச்சி, மூணு மேல வந்து வாய தொறந்து தொறந்து மூச்சு வாங்கிகினு இருந்துச்சி, ஏன்னா தண்ணி சூடாக ஆக அதுல ஆக்சிஜன் கொறஞ்சிகினே போகும்.

அன்னிக்குதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சிது. ஹீட்டர் கெட்டு போச்சின்னா தண்ணி குளுந்துடும்னுதான் எல்லாரும் பயப்படறோம், ஆனா அது அணையாம போறதுதான் பெரிய ஆபத்து. உள்ள தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்கு, சூட்ட பாத்து ஹீட்டர போட்டு அணைக்கற சுவிட்சு, அதோட காண்டாக்ட் ஒரு நாளைக்கு எத்தினியோ தடவ ஒட்டி ஒட்டி பிரியுது, ஒவ்வொரு தடவையும் சின்னதா ஒரு பொறி, கடைசியா ஒரு நாள் ஒட்டுனது ஒட்டுனதுதான், பிரியாது. நீங்க ஹீட்டரோட திருகுல 28 வச்சாலும் 30 வச்சாலும் அது கேக்காது. 600 லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்தறதுக்கு 0.7 யூனிட் கரண்டு போதும். ராத்திரி பத்து மணி நேரம் 600 வாட்டு நிக்காம ஓடுனா 6 யூனிட்டு, காத்துல போற சூட்ட கழிச்சாலும் ஆறேழு டிகிரி ஏறிடுது. எங்க வீட்ல நடந்தது அதேதான்.

அதனால இப்ப ஒரு 600க்கு பதிலா ரெண்டு 300 போட்டிருக்கேன், தொட்டியோட ரெண்டு கோடியில, ஃபில்டர் தண்ணி வந்து வுழற எடத்துல ஒண்ணு. ஒண்ணு செத்து போனா இன்னொண்ணு தண்ணிய ரொம்ப எறங்க வுடாது. ஒண்ணு ஒட்டிகினு நின்னா பாதி வேகத்துலதான் சூடேறும், நம்ம கண்ணுல பட நேரம் கெடைக்கும். கம்பெனி பேர பாத்து காசு கொட்றத வுட இந்த ஒரு வேல பெருசுன்னு நான் சொல்லுவேன், யாரு வேணா சண்டைக்கு வரட்டும்.

இதுக்கு மேல, தண்ணி சூட்ட அளந்து ஹீட்டருக்கு போற கரண்ட போட்டு அணைக்கற ஒரு கன்ட்ரோலர் தனியா போட்டுடுங்க. சின்ன பொட்டி, உள்ள சுவிட்சு மாரி 10 ஆம்பியர் ரிலே, தண்ணியில தொங்கற ஒரு சென்சார் ஒயரு, அவ்ளோதான். கன்ட்ரோலர்ல 28.5 வெச்சி, ஹீட்டரோட திருகுல 30 வெச்சிடுங்க. ரெண்டு பூட்டு மாரி, ஒண்ணு தொறந்தா இன்னொண்ணு நிக்கும். இதுலயும் ஒரு சங்கடம் இருக்கு: அந்த சென்சார புடிச்சிகினு இருக்கற ரப்பர் காஞ்சி போயி, சென்சார் வெளிய வந்து தொங்குச்சின்னா, அது ரூம்பு காத்த அளந்துட்டு தண்ணி குளுந்து போச்சின்னு ஹீட்டர ஓட்டிகினே இருக்கும். திருகுல 30 வெச்சது அப்பதான் காப்பாத்தும். நான் ரப்பர நம்பாம கேபிள் டை போட்டு கட்டிட்டேன்.

தர்மாமீட்டர் வாங்கறப்ப கடையிலயே ஒரு டம்ளர் தண்ணி கேட்டு மூணு நாலு தர்மாமீட்டர ஒண்ணா போட்டு பாருங்க. ஒண்ணு 26 சொல்லும், ஒண்ணு 28 சொல்லும். ஒத்து போற ரெண்டுல ஒண்ண எடுத்துகினு வாங்க, கடக்காரரு மொறச்சா மொறைக்கட்டும்.

பெரிய ஆஸ்கர் மீனு வளக்கறவங்க கண்ணாடி ஹீட்டர வெறுமனே வுடாதீங்க, அது மோதி ஒடைக்கும், பிளாஸ்டிக் கூண்டு போடுங்க இல்ல டைட்டானியம் ஹீட்டர் வாங்குங்க. கரண்டு கட் ஆச்சின்னா ஹீட்டர இன்வெர்ட்டர்ல மாட்டலாமான்னு கேப்பாங்க. 150 ஏஎச் பேட்டரின்னா பேப்பர்ல 1800 வாட் அவர், 300 வாட்டு ஹீட்டர் நாலஞ்சி மணி நேரத்துல அத காலி பண்ணிடும், அப்புறம் வீட்ல ஃபேன் ஓடாது, மீனுக்கு முன்னாடி நம்மள தொரத்துவாங்க. பெரிய தொட்டி சீக்கிரம் குளுந்துடாது, ஏர் பம்ப மட்டும் இன்வெர்ட்டர்ல போடுங்க, தொட்டிக்கு பின்னாடி தெர்மாக்கோல் ஒட்டி மேல மூடி போட்டாலே பாதி கவல தீந்துது.

கரண்டு விஷயத்துல மட்டும் வெளையாடாதீங்க. நெறைய ஹீட்டர் ரெண்டு பின்னோடதான் வருது, எர்த்து கெடையாது. வீட்டு போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதான் கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்சு, இருக்கான்னு எலக்ட்ரீசியன் அண்ணன கூப்ட்டு காட்டிடுங்க. ஒயரு பிளக்குக்கு கீழ ஒரு தடவ தொங்கிட்டு மேல ஏறணும், அப்பதான் ஒயருல வழியற தண்ணி பிளக்குக்குள்ள போவாம கீழ சொட்டும். தண்ணி மாத்தறப்ப சுவிட்ச ஆஃப் பண்ணி ஒரு 20 நிமிஷம் ஆற வுட்டுட்டு அப்புறம் தண்ணிய எறக்குங்க. சூடா இருக்கற கண்ணாடி வெளிய தெரிஞ்சி, அது மேல பச்ச தண்ணி பட்டா டப்புன்னு வெடிக்கும்.

இத்தினியும் பண்ணி போன வருஷம் தையில ஒரு நாள் தண்ணி 24க்கு எறங்கி போச்சி. கன்ட்ரோலர பிரிச்சி, ஹீட்டர ரெண்டயும் வெளிய எடுத்து, ஒரு மணி நேரம் மண்டைய ஒடச்சிகினேன். கடைசியா பாத்தா பொங்கலுக்கு வந்த எங்க மச்சான் செல்ஃபோன் சார்ஜ் போட பிளக்க புடுங்கிட்டு போயிருக்காரு. இப்ப அந்த சுவிட்சு மேல எங்க வீட்டம்மா பெரிய எழுத்துல எழுதி ஒட்டி வெச்சிருக்காங்க, "மீன் ஹீட்டர், யாரும் கை வெக்க கூடாது, மாமா நீங்களும்தான்"னு.